ஏறிட்டியா அக்கா?

இதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் கதை கட்டியிருக்காங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம். கட்டியது ஒன்றும் இல்லை. பிரபு இன்றைக்கும் மரக்காணத்தில்தான் இருக்கிறான். அந்த வண்டி அவன் வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. வாங்க ஆள் வந்தும் அவன் விற்கவில்லை. விற்கப் பயம்.

நடந்தது ராத்திரியில் இல்லை. நட்ட நடுப்பகலில். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிக்காது, கீழேயிருந்தும் அடிக்கும். பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கும்போது கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. இருட்டில் ஒன்றும் தெரியாமல் பயப்படுவது ஒரு விதம். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் பயப்படுவது... அது பிரபுவுக்குத்தான் தெரியும்.

பிரபு மீசை முளைத்த நாளிலிருந்து ரேஸ் பைக்கைத் தவிர வேறு எதிலும் ஏறாதவன். ஒன்று மாற்றி ஒன்று என்று வைத்திருந்தான். எல்லாம் ஒரே ரகம். டேங்க் மேல் படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடற்கரைச் சாலையில் அவன் சத்தம்தான் முதலில் கேட்கும். அப்படிப்பட்டவன் போன ஜூலையில் ஒரு பெரிய ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். முன்னால் அகலமான கண்ணாடி. காலை நீட்டி வைக்க இடம். பின்னால் சாய்மானம் வைத்த சொகுசு சீட்டு.

மெக்கானிக் கடை கௌதமன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"டேய், இன்னாடா இது? சோபாவுக்குச் சக்கரம் மாட்டிக்கினு வந்துட்ட?"

"ஸ்கூட்டர்டா. பெரிய ஸ்கூட்டர்."

"தெரியுது, தெரியுது. டீப்பாய் தனியா குடுப்பானா?"

"சிரிச்சிக்கோ."

"கியரு?"

"இல்ல."

"கிளட்ச்சு?"

"இல்ல."

"அப்ப அதுல உனக்கு இன்னாடா வேல? சும்மா ஒக்காந்து வர்றதுக்கு பஸ்ஸுல வரலாமே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரபுவும் சிரித்து வைத்தான். கௌதமன் பின் சீட்டைத் தடவிப் பார்த்தான். கை அப்படியே நின்றது. அதற்கப்புறம் அவன் கிண்டல் பண்ணவில்லை. அந்த சீட்டு யாருக்காக என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

சகாயமேரிக்காக. பிரபுவின் அக்கா. அவள் அதில் உட்கார முடியாது. மே மாதமே செத்துப் போய்விட்டாள்.

சகாயமேரி உப்பளத்தில் கூலி வேலை செய்தவள். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டோடே இருந்தாள். ஆள் ஒல்லி, வாய் பெரிசு. தம்பியின் பைக் பின்னால் ஏறும்போதெல்லாம் ஒரு சண்டை நடக்கும்.

"எங்கடா சீட்டு?"

"தோ, இதாங்க்கா."

"இதுல கோழிகூட ஒக்காராதுடா. எத்தப் புடிச்சிக்கறது? கம்பி வச்சானா, பிடி வச்சானா?"

"என்னப் புடிச்சிக்கக்கா."

"நீயே நெலையா இல்ல. உன்னப் புடிச்சி நான் எங்க போறது?"

சொல்லிக்கொண்டேதான் ஏறுவாள். சேலைக்காரி, ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரியாக உட்கார்ந்ததும் தம்பியின் தோளில் ஒரு தட்டு. "ம்... போ." அந்தத் தட்டு விழாமல் பிரபு வண்டியை எடுக்க மாட்டான். அவர்களுக்குள் அதுதான் கணக்கு.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. உப்பளத்து வேலை விடியும் முன்னே ஆரம்பித்து, வெயில் ஏறும் முன்னே முடிந்துவிடும். உச்சிப் பொழுதில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. பத்து மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்ற பிரபு, கூட்டாளிகளோடு புதுச்சேரி வரைக்கும் பைக்கை விரட்டிவிட்டு, பன்னிரண்டு தாண்டித்தான் வந்தான். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல் ஓரத்தில் அக்கா தனியாக நின்றாள்.

"பத்து மணிக்கு வர்றேன்னவன் மூஞ்சியப் பாரு."

"டிராபிக்குக்கா."

"உப்பளத்துல டிராபிக்கா? இந்தா, பையப் புடி. சேலைய இழுத்துச் செருகிக்கறேன்."

பையில் தண்ணீர் பாட்டிலும் அவளுடைய செல்போனும் சோற்று டப்பாவும் இருந்தன. பைக்கில் பையை மாட்ட இடம் ஏது? கழுத்தில் மாட்டி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டான். தலையில் ஹெல்மெட். காதுக்குள் பாட்டு.

தோளில் தட்டு விழுந்தது. வண்டியை எடுத்தான்.

கௌதமன் கடை வாசலில் நிறுத்தி, "எறங்குக்கா, ஒரு நிமிஷம்" என்றான்.

"யார்கிட்டடா பேசற?" என்றான் கௌதமன்.

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

கடையே வெடித்துச் சிரித்தது. "பொண்டாட்டிய வுட்டுட்டு வந்தவன் இருக்கான். அக்காவ வுட்டுட்டு வந்தவன் நீ ஒருத்தன்தாண்டா!" பிரபுவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "போனா செருப்பால அடிப்பாடா. ஒரு டீய குடிச்சிட்டுத் தெம்பா போறேன்" என்றான். டீ வந்தது. புதிதாகக் கடைக்கு வந்த ஒருவனுக்கு முதலிலிருந்து சொல்லிக் காட்டினான். அவனும் சிரித்தான். அப்புறம்தான் கிளம்பினான்.

உப்பளத்தில் அக்கா நிற்கவில்லை. பாத்தி வரப்பில் குப்புறக் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுடைய தண்ணீரும் போனும் அவன் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும், சாயங்காலம் உயிர் போய்விட்டது.

யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. "வேணும்னேவா செஞ்ச?" என்றார்கள். அதுதான் அவனைத் தின்றது. அடக்கம் முடிந்த அன்றே மனைவி மேரிசெல்வியிடம் சொன்னான்.

"தட்டினா, செல்வி. நெசமா தோள்ல தட்டினா."

"தட்டினவங்க எப்படிங்க ஏறாம இருப்பாங்க?"

"அதாண்டி எனக்குப் புரியல."

"உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும். வுடுங்க."

விடவா முடியும்? பைக்கை விற்றான். ஷோரூமுக்குப் போனான். "பின்னாடி பெரியவங்க யாரும் ஒக்காருவாங்களா சார்?" என்று கேட்ட பையனிடம், "அக்கா ஒக்காரும்" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப இதுதான் சார். இதுல ஒக்காந்தா தூங்கிடுவாங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

புது வண்டி அவனுக்குப் பிடிபடவில்லை. கால், இல்லாத கியரைத் தேடியது. இடது கை கிளட்ச் என்று நினைத்துப் பிடித்தால் அது பிரேக். ஒவ்வொரு முறையும் முன்னால் போய் முட்டிக்கொண்டு நின்றான். ஆரோவில்லில் ஒரு தச்சுப் பட்டறையில் அவனுக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். முதல் சனிக்கிழமை வேலை விட்டதும் வீட்டைத் தாண்டி நேராக உப்பளத்துக்கு விட்டான்.

மணி பன்னிரண்டு இருபது. அதே குவியல். ஆள் அரவம் இல்லை. காற்றுகூட இல்லை. வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். பார்க்கத் தைரியம் இல்லை.

"அக்கா... உனக்கு ஏத்த வண்டி எடுத்தாந்திருக்கேன். ஏறு. வீட்டுக்குப் போலாம்."

சொன்னதும் அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே...

சர்ர்... என்று ஒரு சத்தம். உப்பு சரிகிற மாதிரி.

பின் சீட்டு மெல்ல அமுங்கியது.

"ஏறிட்டியா அக்கா?"

தோளில் ஒரு தட்டு.

அவனுக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் அப்புறம் எல்லோரிடமும் சொன்னான். பயமே வரவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ ஒரு விரலால் நகர்த்தினது மாதிரி இருந்தது. முட்டையைக் கொண்டுபோவது மாதிரி மெதுவாக ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்தி, "வீடு வந்துடுச்சிக்கா" என்றான். சீட்டு மேலெழுந்தது.

அதிலிருந்து சனிக்கிழமை தவறவில்லை.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் சரியில்லை. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு ஒதுக்கினான்.

அந்த வெயிலில் முன் சீட்டு தோசைக்கல்லாகச் சுடும். பின் சீட்டைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பின்னால் கால் வைக்கிற கட்டைகளை மடக்கிவிட்டுத்தான் கிளம்புவான். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் விரிந்திருக்கும். இரண்டும்.

வாரத்துக்கு வாரம் கனம் கூடியது. அக்கா ஒல்லி. ஆனால் கால்வாய்ப் பாலம் ஏறும்போது வண்டி முக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரிசெல்வி ஏறினாள். ஏறின வேகத்தில் இறங்கினாள்.

"சீட்டு ஈரமா இருக்குதுங்க."

துடைத்துக் காட்டினான். காய்ந்துதான் இருந்தது.

"எனக்கு இந்த வண்டி வேணாம். நான் பஸ்ஸுல வர்றேன்."

"ஏண்டி?"

"யாரோ ஒக்காந்திருக்கறவங்க மடியில ஒக்காந்த மாரி இருக்குது."

இன்னொரு நாள், உப்பளத்திலிருந்து வரும் வழியில் பெட்ரோல் பங்க். வண்டியை விட்டு இறங்கப் போனான். பங்கில் நின்றவர் கையமர்த்தினார்.

"எறங்க வேணாம்ணா. இதுக்கு மூடி முன்னாடிதான இருக்குது. அவங்களும் ஒக்காந்திருக்கட்டும்."

பிரபுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில். நமக்கு மட்டும் தோணுவது இல்லை, அக்கா நிஜமாகவே வருகிறாள்!

இன்னும் ஒன்றுதான் பாக்கி. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த டீயைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. மழை வந்துவிட்டால் உப்பளம் தண்ணீருக்குள் போய்விடும். அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, அக்டோபர் முதல் சனிக்கிழமை கிளம்பினான்.

அன்றைக்கும் நல்ல வெயில்.

குவியல் ஓரம் நிறுத்தினான். கண் கூசியது. தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துட்டேன்க்கா."

சர்ர்...

சீட்டு அமுங்கியது. அமுங்கியது... அமுங்கிக்கொண்டே இருந்தது.

டக்.

இடது பக்கக் கட்டை விரிந்த சத்தம்.

டக்.

வலது பக்கம்.

அப்போதுதான் முதல் முறையாக அவனுக்கு அது உறைத்தது. ஒரு பக்கமாக உட்காருகிறவளுக்கு அந்தப் பக்கத்துக் கட்டை எதற்கு?

தோளில் தட்டு.

வண்டியை எடுத்தான். பேசினால் சரியாகிவிடும் என்று பேசினான்.

"அக்கா, அன்னைக்கி நீ ஏறலன்னு தெரிஞ்சப்புறமும்... டீ குடிச்சேன்க்கா. சிரிச்சேன்க்கா. நீ வெயில்ல கெடந்த. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா."

"அக்கா?"

இடுப்பில் ஏதோ பட்டது.

கை.

அக்கா இடுப்பைப் பிடிக்க மாட்டாள். ஒரு நாளும் பிடித்ததில்லை.

இரண்டு பக்கமிருந்தும் வந்தன. வயிற்றின் மேல் கோத்துக்கொண்டன. சட்டைக்கு மேலேயே ஐஸ் வைத்த மாதிரி...

கோத்த பிறகும் நிற்கவில்லை. நீண்டுகொண்டே வந்தன.

கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வெறும் சாலை.

குனிந்து பார்த்தான். வயிற்றில் ஒன்றும் இல்லை. சட்டை மட்டும் உள்ளே குழிந்திருந்தது.

வலது கையின் மேல் ஒரு கனம் உட்கார்ந்தது. ஆக்சிலேட்டர் திரும்பியது. அவன் திருப்பவில்லை.

நாற்பது.

ஐம்பது.

எழுபது...

"வுடு! வுடு!"

பழைய பழக்கம். இன்ஜின் இழுப்பைத் துண்டிக்க இடது கையால் கிளட்சைப் பிடித்தான்.

கிளட்ச் இல்லை.

பிரேக்.

பின் சக்கரம் சாலையில் சிந்திக் கிடந்த உப்பில் வழுக்கியது. வானம் சுற்றியது. மணலில் விழுந்தான்.

இன்ஜின் நின்றுபோனது. ஒரு சத்தம் இல்லை.

விழுந்த இடம் பஸ் நிழற்குடைக்குப் பக்கம். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். சரஸ்வதி. அக்காவோடு ஒன்றாக உப்பு வாரினவள். அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போனவள். வந்தவள் அவனைத் தூக்கவில்லை. முதலில் சாலையின் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"எங்கப்பா அது?"

"எது சரசக்கா?"

"பின்னாடி ஒக்காந்து வந்துச்சே."

அவள் நிழலுக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மேல்துண்டால் கட்டினாள். கட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும்பா. அஞ்சு மாசமா தொண்டையில நிக்குது. அன்னைக்கி நான் இங்கதான் பஸ்ஸுக்கு நின்னேன்."

"எந்த அன்னைக்கி?"

"உங்கக்கா மேரி செத்த அன்னைக்கி. நீ பைக்குல என் கண்ணு முன்னாடிதான் போன. பின்னாடி ஆள் இருந்திச்சி. மூஞ்சி தெரியல, முந்தானையால மூடியிருந்திச்சி. மேரிதான்னு கையாட்டினேன். அது திரும்பல."

"தட்டினா சரசக்கா... நான் சொன்னேன், ஒருத்தரும் நம்பல..."

"முழுசா கேளு. என் பஸ்ஸு வந்திச்சி. ஏறி ஒக்காந்தேன். உப்புக் குவியலத் தாண்டுது. ஜன்னல்ல பாக்கறேன்... மேரி நிக்கறா. கத்தறா, ஓடறா. எனக்குத் தல சுத்திடுச்சி. இப்பதான பைக்குல போனா? வெயில்ல கண்ணு ஏமாத்துதுன்னு நெனச்சேன். எறங்கல. நான் எறங்கியிருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. அதான் உன் மூஞ்சியில முழிக்காம இருந்தேன்."

பிரபுவின் தலைக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அப்படியென்றால் அவன் விட்டுவிட்டு வரவில்லை. தட்டு விழுந்தது நிஜம். பின்னால் கனம் இருந்தது நிஜம். அவன் மேல் குற்றம் இல்லை. ஐந்து மாதமாக அவன் ஏங்கின வார்த்தை அது. கையில் வந்ததும் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அப்ப... சனிக்கெழம சனிக்கெழம நான் இட்டுக்கினு போனது?"

"அதேதான். அதே முந்தானை. நான்தான் இங்க ஒக்காந்து பாக்கறேனே."

"அப்ப எங்க அக்கா?"

சரஸ்வதி உப்பளத்துப் பக்கம் கையை நீட்டினாள். வெள்ளை வெயில். பிரபுவின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அங்கயேதான் நிக்கறா. நீ வண்டி நிறுத்தற எடத்துக்கு நாலடி தள்ளி. நீ குனிஞ்ச தல நிமிர மாட்ட. அவ ரெண்டு கையயும் தூக்கி, வேணாம் வேணாம்னு ஆட்டுவா. நீ கெளம்புனதும் பின்னாடியே ஓடியாருவா..."

"ம்?"

"முடியாம நின்னுடுவா. அப்புறம் திரும்பிப் போயி பழைய எடத்துலயே நின்னுக்குவா. நீ வந்து கூட்டிக்கினு போவேன்னு."